விரிசலுக்கு ஒட்டிய கண்ணாடி

மார்ட்டினெங்கோ கொத்தளத்தில்
பதினோராவது விரிசலின் குறுக்கே
விரல் நீளக் கண்ணாடித் துண்டொன்றைச்
சாந்து வைத்து ஒட்டியிருந்தார் ஸிஹ்னி.
மதில் அசைந்தால் கண்ணாடி உடையும்.
அவ்வளவுதான் கருவி.
தேதியைக் கம்பியால் கீறிவைத்து
ஆண்டுக்கொருமுறை வந்து பார்ப்பார்.
நகராட்சிச் சம்பளம்.

ஊருக்குப் பெயர் மூன்று.
கிரேக்கத்தில் அம்மோகோஸ்தோஸ்: மணலுக்குள் ஒளிந்தது.
துருக்கியில் மாகுசா.
வரைபடத்தில் ஃபமகுஸ்தா.
மதிலில் முளைக்கும் கப்பாரிச் செடிக்கு மட்டும்
இரு மொழியிலும் ஏறக்குறைய ஒரே பெயர்.

முற்றுகை, ஓராண்டுக்குச் சற்றே குறைவு.
உழிஞை சூடி வரவில்லை வந்தவர்கள்,
நொச்சி சூடி நிற்கவில்லை நின்றவர்கள்,
வெடிமருந்துக்கும் பசிக்கும் பூ ஏது.
கழுதை தீர்ந்து, பூனை தீர்ந்து
காடி கலந்த தண்ணீர் மிஞ்சியபோது
வெள்ளைக் கொடி.
அன்றைய கல்குண்டு ஒன்று
தேநீர்க்கடைக் கதவு காற்றில் அடிக்காமலிருக்க
முட்டுக்கொடுத்துக் கிடக்கிறது.

தேவாலயத்துக்கு மினார் முளைத்தது.
வாசல் அத்தி மாறவில்லை,
யார் மணி அடித்தாலும் யார் பாங்கு சொன்னாலும்
தன் நேரத்துக்குத்தான் காய்த்தது.
பூத்ததை எவரும் பார்த்ததில்லை.

மதிலுக்குள் குடியிருக்கலாகாது என்றார்கள் கிறித்தவர்களை.
அவர்கள் வெளியே, மணலில், வரோஷாவைக் கட்டினார்கள்.
பின்னொரு ஆகஸ்ட்டில்
வரோஷாவைச் சுற்றி முள்வேலி.

மே மாதம் ஸிஹ்னி வந்தபோது
கண்ணாடி இரண்டாகியிருந்தது.
நிலநடுக்கமில்லை.
சுண்டுவிரல் தடிமனில் ஒரு கப்பாரித் தண்டு,
மொட்டுகளில் ஒன்று மட்டும் அவிழ்ந்து
ஊதா இழைகளை நீட்டிக்கொண்டு.

அகழிக்குள் ஏணி சாத்தி
பெம்பே மொட்டு பறித்துக்கொண்டிருந்தாள்,
துறைமுகச் சுங்கத்தில் முப்பதாண்டு முத்திரை குத்தியவள்.
"அதைப் பிடுங்காதே, என்னுடையது."
"மதில் அரசாங்கத்துடையது."
"மதிலை நீயே எடுத்துக்கொள்."

உத்தரவு தெளிவு: வேரோடு களைக.
இழுத்தார்.
முள் வந்தது, இலை வந்தது, வேர் வரவில்லை.
எவ்வளவு ஆழம் என்று கல்லுக்குத்தான் தெரியும்.
படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தின் மேல்
பேனா நெடுநேரம் நின்றது.
பிறகு புதுக் கண்ணாடியைத்
தண்டுக்கு ஒரு சாண் தள்ளி ஒட்டினார்.

ஜூனில், உப்பில் ஊறிய ஜாடியோடு
டெரினியா சாவடியில் நின்றாள் பெம்பே.
அப்பால் லூகியா காத்திருப்பாள்,
வேலிக்குள் பூட்டிய தெருவொன்றில் பிறந்தவள்.
காலி ஜாடி காலியாகத் திரும்பியதில்லை,
கரோப் பாகு நிறைந்துதான் வரும்.

காவலர் மூடியைத் திறந்து முகர்ந்தார்.
"எங்கே விளைந்தது?"
"சுவரில்."
"எந்தச் சுவரில்?"

பெம்பே தனக்குப் பின்னால் நீளும் வரிசையை,
கம்பியை, கோபுர விளக்கை
ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.
"பழையதில்" என்றாள்.