ஒத்திசைவு

டிவி சும்மா இருந்தால் படம் காட்டத் தொடங்கிவிடும்.
மகள் அப்படி அமைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.
இசோலா கடற்கரையில் என் வழுக்கை,
நனைந்த நாய்,
டிங்காரா பட்டம் வாங்கிய நாள்,
பிறகு
மாரிபோர் மருத்துவமனை முத்திரையோடு
ஒரு தாள்.

ஆறு நொடி.
பூசணி விதை எண்ணெய் சொட்டும் முள்கரண்டி
வாய்க்குப் போகாமல் நின்றது.
பெயர் நேஜா. பிறந்த தேதி சரி.
இடது மார்பு. பதினெட்டு மில்லிமீட்டர்.
கீழே இருந்த லத்தீனை எட்டுவதற்குள்
மறுபடியும் நாய்.

சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுத்
தட்டு கழுவிக்கொண்டிருந்தாள்.
நான் டிவியை அணைத்தேன்.
"செய்தி பார்க்கவில்லையா?"
"எல்லாம் பழைய செய்தி."

அன்றிரவு கடைசி நடையில்
இரண்டு நிறுத்தங்களைத் தாண்டி ஓட்டிவிட்டேன்.
மூடுபனிமேல் பழியைப் போட்டேன்.

போனில் எடுத்த படம் போனோடு நிற்பதில்லை என்று
மூன்றாம் நாள் அவளுக்குத் தெரிந்துவிட்டது.
ஒத்திசைவு என்று அதற்குப் பெயராம்.
இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்தில்
எங்களுக்கு வாய்க்காத ஒன்று.

லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாள்.
"நம் கணக்குக்குள் எத்தனை கருவி, தெரியுமா? பதினொன்று."
கூப்பிடாமல் வந்த விருந்தாளிகளை எண்ணும் குரல்.
கிராட்ஸில் மகளிடம் இருக்கும் டேப்லெட்.
செத்துவிட்டதென்று இழுப்பறையில் போட்ட போன்;
சாகவில்லையாம், சார்ஜ்தான் இல்லையாம்.
பணிமனையில் அட்டவணை அச்செடுக்க நான் நுழைந்து
வெளியேறாமல் வந்துவிட்ட கணினி.
அங்கேதான் நிமிர்ந்து பார்த்தாள்.
"அதில் யார் உட்காருவார்கள்?"
"யார் வேண்டுமானாலும்."

ஒவ்வொன்றாகக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினாள்.
டிவியின் முறை வந்தபோது விரல் கொஞ்சம் தயங்கியது.
"இதில் படம் ஓடுமே. பார்ப்பாயா?"
"உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன், உனக்குத் தெரியாதா."
பொய் சொல்ல எனக்கு
ஆறு நொடிகூட ஆகவில்லை.

பெட்டகம் ஒன்று செய்தாள்.
நீளமான கடவுச்சொல், அதன்மேல் போனுக்கு வரும் எண்.
அவள் தட்டும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்,
ஏடிஎம் வரிசையில் முன்னால் நிற்பவருக்குச் செய்வதுபோல.
வீட்டுப் பத்திரம், பாஸ்போர்ட்டுகள், காப்பீடு,
பிறகு 'தோட்டக் கணக்கு' என்றொரு கோப்பு.
நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி.
எங்களிடம் இருப்பது ஒரு துளசி ஜாடி,
அதுவும் கடையில் வாங்கிய இத்தாலியத் துளசி.

எல்லாம் முடிந்தபின், ஒரு தாளில்
கையால் இருபத்துநான்கு எழுத்துகள்.
உறை. ஒட்டு. ஒட்டின்மேல் கையெழுத்து.
"நான் இல்லாதபோது மட்டும்" என்று நீட்டினாள்.
ஊருக்குப் போகிறவள்போலச் சொன்னாள்.
பனிச்சறுக்கு பூட்ஸ் ஒன்றுக்குள் வைத்தேன்.
முழங்கால் போனபின் அந்தப் பெட்டியை யாரும் தொடுவதில்லை.
நானும் தொடவில்லை.
ஆனால் பாதி ராத்திரியில்
அது அங்கேயே இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பேன்.
எதைக் காவல் காக்கிறேன், சொல்லுங்கள்:
எனக்குத் தெரிந்ததை
எனக்குத் தெரியாமல்.

டிவி இப்போது யாருடையதோ ஏரிகளைக் காட்டுகிறது.

"வியாழக்கிழமை பல் மருத்துவர்" என்றாள்.
"ஷிப்டை மாற்றிக்கொண்டேன், கொண்டுபோய் விடுகிறேன்."
"ஒரு பல்லுக்கா?"
"ஒரு பல்லுக்குத்தான்."

டிராவா ஆற்றுப் பாலம் இறங்கினால்
பல் மருத்துவருக்கு வலது பக்கம்.
நான் இடது பக்கம் திருப்பினேன்.
அவள் எதுவும் சொல்லவில்லை.
சிக்னல் சிவப்பில் நின்றது.
துடைப்பான் நாலைந்து முறை போய் வந்தது.

"எந்தக் கருவி?" என்றாள்.
"டிவி."

பச்சை விழுந்தது. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.
அடிக்கட்டும்.