பத்தாம் நாள்

மட்டக்குளியில் கரண்ட் போன இரவு.
ஃபோன் வெளிச்சத்தில்
கூட்டுப் பலகையின் வெடிப்பைப் பார்க்கிறேன்:
மிளகாய்த்தூள் நடக்கிறது.

பகலில் தேடினால் ஒன்றும் இராது,
வாடகை நாளில்
மேல்மாடிப் பெடியன்கள் மாதிரி.

பேன் அப்படியில்லை, உடம்பிலேயே குடித்தனம்.
சிவப்பியை மடியில் கவிழ்த்து
வால்புறம் ஊதினேன்.
இறகடியில் சவ்வரிசி ஒட்டியதுபோல் ஈர்.

இவள் முட்டையிட்டு மூன்று கிழமை.
இவள்மேல் ஆயிரம் முட்டை.

தூளைப் பொட்டலம் கட்டியபடி
கடைக்கார நௌசாத் சொன்னான்:
"பத்தாம் நாள் திரும்பப் போடுங்கோ.
முட்டைக்கு மருந்து ஏறாது."

செட்டை தூக்கிப் பூசினேன்.
பலகையைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றினேன்.
சிவப்பி தும்மினாள்,
என்னைக் கொத்தினாள்.

காலையில் கோட்டை பஸ்ஸில்
கழுத்தைச் சொறிந்தேன்.
பக்கத்து சீற்காரி எழும்பிப் போனாள்.

யன்னலோரம்
வடிவாய் நகர்ந்து இருந்தேன்.
இன்னும் ஒன்பது நாள்.