நூற்று நாற்பத்து நான்கு

தொண்ணூறாயிரம் பெசோ.
ராஜ நண்டின் காலை உடைத்துச் சதை உருவிய
பதினோரு இரவுகளின் கூடுதல் நேரக் கூலி
மடித்து மடித்து
என் கோட்டின் உள்பையில்.

புண்டா அரேனாஸில் காற்று
ஆளைத் தள்ளிவிட்டு மன்னிப்பும் கேட்காது.
நகராட்சி கட்டிய கயிற்றைப் பிடித்து நடந்து,
பங்கு டாக்ஸியில் நான்காவது ஆளாக நெருக்கி ஏறி
வரியில்லாக் கடைத்தொகுதிக்கு வந்து சேர்ந்தேன்.

கடையில் ஸ்லாவ்கோ. மீசை இன்னும் முடிவெடுக்கவில்லை.
"பையனுக்கு என்ன வயசு?" என்றான்.
பையன் இல்லை. நான்தான் விளையாடுவது.
ஒரு நொடி விழித்தான், பிறகு
நேராக வளைந்த முப்பத்திரண்டு அங்குலத்திடம் போனான்.
அதன் முதுகில் ஊதா விளக்கு எரிகிறது.
முதுகைச் சுவர்தானே பார்க்கப்போகிறது என்றேன்.

இடது காது போய் ஆறு வருடம்.
கொதிகலன் விசில் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது.
செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள்;
எனக்குச் சங்கு கேட்கும்,
எந்தப் பக்கத்துச் சங்கு என்றுதான் தெரியாது.
விளையாட்டில் அதுவே சாவு.
இருட்டு மாடிப்படியில் காலடி விழுந்தால்
மற்றவர்கள் கேட்டுத் திரும்புவார்கள்,
நான் பார்த்துத் திரும்பவேண்டும்.
காதின் வேலையும் கண்ணின் தலையில்.

அதனால் தம்பி, அகலத்தை விடு.
கறுப்பு சாம்பலாக மாற
எவ்வளவு நேரம் தயங்குகிறது, அதைக் காட்டு.

ஒன்றில்
ஓடுகிறவன் பின்னால் நிழல்
ஈரத் துணிபோல் இழுபட்டு வந்தது.
ஒன்றில் விலை இனித்தது;
அரை அடி தள்ளி நின்றால்
எல்லா முகத்துக்கும் இரத்தசோகை.
ஒன்றின் அட்டையில் ஆனை எழுத்தில் 'ஒரு மில்லி விநாடி',
அடியில் எறும்பெழுத்தில் ஏதோ நிபந்தனை.
இருபத்து நான்கு அங்குலம், நூற்று நாற்பத்து நான்கு ஹெர்ட்ஸ்,
ஐபிஎஸ் பேனல்,
அது சரியாக இருந்தது.
ஒன்றேகால் லட்சம். அது சரியாக இல்லை.
விரலுக்குத் தகுந்த வீக்கம்
என்று விரலுக்குச் சொல்லிவிட்டு
கதவுவரை போய்விட்டேன்.

"சீமாட்டி," என்று பின்னால் வந்தான்,
"அதே மாடல். திருப்பிக் கொடுத்தது. ஒரு குறை."
திரையின் இடது ஓரத்தில்
பச்சையாக ஒரு புள்ளி,
அணையத் தெரியாதது.
எண்பத்தெட்டாயிரம்.
வயரோடா, வயர் இல்லாமலா?
தலையைச் சொறிந்தான். வயரோடு.

திரும்பும்போது பெட்டி பாயாகிவிட்டது.
காற்று என்னையும் அதையும் சேர்த்து
மகெல்லன் நீரிணைக்குப் பட்டுவாடா செய்யப் பார்த்தது.
மீன்பிடிப் படகுக்காரர் ஒருவர் மறுமுனையைப் பிடித்தார்;
பெயர் சொன்னார், இடது பக்கம் நின்று.
கேட்காமலே தலையாட்டினேன்.

மூன்று இரவு ஆடினேன்.
நண்டு மேசையில் எல்லோரிடமும் சொன்னேன்:
தண்ணீர் மாதிரி ஓடுகிறது,
பழையது கல்லில் வண்டி ஓட்டியது மாதிரி,
கண்ணுள்ளவர்களுக்குத்தான் தெரியும்.
நான்காம் இரவு
புவேர்ட்டோ நத்தாலேஸில் ரொட்டி சுடும் எவரார்டோ,
என் அணியில் பாதி, வலது காதில் கேட்டான்:
"நெல்டா, அமைப்புக்குள் போய் மாற்றினாய்தானே?"

போனேன்.
அறுபது.
மூன்று இரவும் அறுபது.
நான் பார்த்த தண்ணீர் அத்தனையும்
எண்பத்தெட்டாயிரம் பெசோ காட்டிய தண்ணீர்.

மாற்றினேன். சுட்டி அம்பை
வெறும் திரையில் இங்குமங்கும் ஓட்டினேன்,
கொஞ்ச நேரம், சும்மா.
இதற்கு நண்டு மேசையில் சொல்ல
என்னிடம் உவமை மிச்சமில்லை.

அடுத்த ஆட்டம். இருட்டு மாடிப்படி.
இடப்பக்கம் பச்சையாக எதுவோ.
திரும்பினேன், முன்னெப்போதையும்விட வேகமாக,
துப்பாக்கியில் இருந்த குண்டு முழுவதையும்
அதன்மேல் கொட்டினேன்.
அது அப்படியே இருந்தது.
எவரார்டோ சிரிக்க ஆரம்பித்தான்.