எட்டு நிமிடம்

பீன்யா இரண்டாம் ஸ்டேஜில்
போல்ட் அறுக்கும் பட்டறைக்கும்
பவுடர் கோட்டிங் ஷெட்டுக்கும் நடுவே
எங்கள் கம்பெனி.
பெயர்ப்பலகை போன மழைக்கு இறங்கியது,
இன்னும் ஏறவில்லை.

மைசூர் ரோட்டு மில்லிலிருந்து மரத்தூள் வரும்.
தேக்கென்றால் எண்ணெய் வாசம்,
வேம்பென்றால் நாள் முழுக்கத் தும்மல்.
மாதா கோயில்களிலிருந்து மெழுகு வரும்,
செவ்வாய் நவநாள் முடிந்து, கிலோக் கணக்கில்,
திரி கருகி,
நீலமும் ரோஜாவும் ஒன்றோடொன்று ஒட்டி.
ஒருமுறை மெழுகுக்குள் மடித்த காகிதம்.
'விசா' என்ற சொல் மட்டும் அழியாமலிருந்தது.
புட்டம்மா அதை வடிகட்டியிலிருந்து எடுத்துக்
கன்னத்தில் போட்டுக்கொண்டு
அடுப்புக்குள்ளேயே விட்டாள்.
வேறெங்கே போடுவது?

மெழுகு காய்ச்சுவது புட்டம்மா.
தூள் சலிப்பது பீகாரிலிருந்து வந்த ரஞ்சய்.
அச்சில் அடிப்பது மெஷின், கரண்ட் இருந்தால்.
எரிப்பது நான்.

ஆமாம், அதுதான் வேலை.
தட்டுக்குத் தொண்ணூற்றாறு கட்டி.
ஒன்றை எடுத்துச் சிமெண்ட் மேடையில் வைத்து
குச்சி கிழித்து
ஸ்டாப்வாட்சை அழுத்தி
பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.
எட்டு நிமிடம் எரிந்தால் பாஸ்.
ஏழரையில் அணைந்தால்
தட்டே திரும்ப உருகப் போகும்.
நல்லதென்று நிரூபித்த கட்டி
ஒன்றுகூட விலைக்குப் போவதில்லை.
பெட்டியேறிப் போவதெல்லாம்
அதன் சொந்தக்காரர்கள்தான்.

வீட்டில் கேட்டார்கள், என்ன வேலை என்று.
தீயை வேடிக்கை பார்க்கிறேன் என்றேன்.
அதற்குச் சம்பளமா என்றார்கள்.

பதினொரு மாதமாகப் பார்க்கிறேன்.
முதல் நிமிடம் சுடர் நீலமாய்க் கூச்சப்படும்.
மூன்றில் நிமிர்ந்து நிற்கும்.
ஆறில் யாரையோ தேடுவதுபோல்
இப்படியும் அப்படியும் சாயும்.
தேடி என்ன செய்ய, இங்கே கரி கிடையாது.
எதையும் பற்றவைக்காமலே
எங்கள் தீ தினம் நாற்பது முறை சாகும்.

போன வாரம் பஸ்ஸைத் தவறவிட்டு
ராஜாஜிநகரில் நடந்தேன்.
மரத்தடியில் இஸ்திரி வண்டி.
வாய் பிளந்த பித்தளைப் பெட்டி.
பக்கத்தில் எங்கள் அட்டைப்பெட்டி!
கூட்டத்தில் அண்ணன் பிள்ளையைப் பார்த்தது போலிருந்தது.

பூங்காவனம் என்று பேர், ஆம்பூர்ப் பக்கம்.
ஒரு கட்டியை எடுத்தாள்,
பழைய பிளேடால் நான்காக வகுந்தாள்,
குழந்தைக்கு மாத்திரை உடைப்பதுபோல.
மூன்றை டப்பாவில் போட்டு மூடினாள்.
காலே கால் கட்டியைக் கரிக்கடியில் சொருகி
ஒரு விரல் தேங்காய் நார்,
ஒரு குச்சி, அட்டையால் நாலு விசிறு.
என் கண் தானாகக் கைக்கடிகாரத்துக்குப் போனது.

இரண்டு நிமிடம் பத்து நொடி.
கரியின் ஓரம் சிவந்தது.
சின்னதாக ஒரு சத்தம்,
கஞ்சி போட்ட மடிப்பு பிரிவதுபோல்.

"முழுசா வெச்சா எட்டு நிமிஷம் எரியுமே" என்றேன்.
"எட்டு எதுக்கு?
பத்திக்கிச்சுன்னா கரி பாத்துக்கும்,"
என்றபடி யாரோ ஒரு பிள்ளையின்
வெள்ளைச் சட்டையில் தண்ணீர் தெளித்தாள்.

மறுநாள் முதலாளி தயானந்திடம் சொல்ல வாயெடுத்தேன்.
மனிதர் கணக்கில் புலி.
கட்டியைக் காலாக்கி
அதே விலைக்கு விற்கும் யோசனை
அவருக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாமல் பற்றிவிடும்.
மில்காரன் பாக்கி கேட்டான் என்று
வேறெதையோ சொல்லி வைத்தேன்.
நோட்டில் எழுதினேன்:
தட்டு பதினாறு. எட்டு நிமிடம் இருபது நொடி. பாஸ்.

இன்று காலையிலிருந்து மழை.
தூளில் ஈரம், மூன்று தட்டு ஃபெயில்.
நான்காவது கட்டி பற்றியதும்
சாப்பாட்டுப் பையிலிருந்து
பூங்காவனம் கொடுத்த கரித்துண்டை எடுத்து
மேலே வைத்தேன்.
புட்டம்மா கரண்டியோடு வந்து நின்றாள்,
ஒன்றும் கேட்கவில்லை.
ரஞ்சய் சல்லடையை இறக்கி வைத்தான்.

வாட்சை அழுத்த மறந்திருந்தேன்.