விமானியின் எடை

பகலில் நான் வரைவது குழாய்கள்.
கடலைக் குடித்து உப்பைத் துப்பும் ஆலைக்கு
இருபத்து நான்கு அங்குல வளைவுகள்,
அவற்றைத் தாங்கும் கால்கள்,
ஒன்றோடொன்று மோதினால் சிவக்கும் இடங்கள்.
ஜுபைலில் மாலை ஆறு மணிக்கு
எல்லாக் குழாய்களும் திரைக்குள் அணைந்துவிடும்.

இரவில் வரைவது ஒரு ஜெட்.
போர் முடிய நான்கு மாதம் இருக்கையில்
அவசர அவசரமாய்ச் செய்து பார்த்தது.
பெயர் வைக்க நேரமில்லை, எண் மட்டும்.
இரண்டு முறை எழும்பியது.
ஒரு முறை இறங்கியது.

கிடைத்த படங்கள் மூன்று.
ஒன்றில் பாதியை ஓர் அதிகாரியின் தொப்பி மறைக்கிறது.
வயிற்றை யாரும் படம் பிடிக்கவில்லை.
சக்கரம் மடங்கும் கதவு
எந்தப் பக்கம் திறந்தது என்று
பதினோரு இரவு யோசித்தேன்.
பிறகு எங்கள் கம்பெனி பஸ்ஸின் சாமான் கதவு
எப்படித் திறக்குமோ அப்படியே திறந்துவிட்டேன்.

இறக்கை மரம்.
உலோகம் தீர்ந்துபோயிருந்ததாம்.
மரத்துக்கு மரத்தின் ரேகை வேண்டுமே,
அறைக் கதவைக் கைபேசியில் எடுத்து
முக்கோணம் முக்கோணமாய் ஒட்டினேன்.
நெருங்கிப் பார்த்தால் இடது இறக்கையில்
சேசடிமை துண்டு மாட்டும் ஆணியின் துளை தெரியும்.

மேல்கட்டிலில் இருந்து அவன் கேட்பான்:
"இதுக்கு எவன்டே காசு தாறான்?"
ஒருத்தனும் இல்லை.
"எத்தன குண்டு போட்டுது?"
ஒன்றும் போடவில்லை, அதற்குள் போர் முடிந்துவிட்டது.
"கொள்ளாம்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவான்.

முதல் முறை ஓடுபாதையில் வைத்ததும்
வால் தரையில் குந்திக்கொண்டது.
அசலுக்கும் இதே வியாதி.
மூக்கில் மணல்மூட்டை வைத்தார்கள் என்று
ஒரு குறிப்பில் அரைவரி இருந்தது.
மணலுக்கு இங்கே பஞ்சமா, நாற்பது கிலோ எழுதினேன்.
அப்படியும் எழவில்லை.
நிரப்பாத கட்டம் ஒன்று பாக்கி:
விமானியின் எடை.

அவனைப் பற்றி மிஞ்சியது
ஒரு பதவி, ஒரு குடும்பப் பெயர்.
போரின் கடைசிக் குளிர்காலம்.
என்ன தின்றிருப்பான்,
எவ்வளவு இருந்திருப்பான்?

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து
முகைதீன் பிச்சை கார்கோ கடையைத் திறந்ததும்
பெட்டிகளை நிறுக்கும் தராசில் ஏறி நின்றேன்.
செருப்பைக் கழற்றச் சொன்னார்.
அறுபத்தொன்று எழுநூறு.
"கிலோவுக்கு ஏழு ரியால். கப்பலா, பிளேனா?"
பேனாவைத் திறந்தேவிட்டார்.
பால்பவுடர் மூட்டையோடு பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.
நானும்தான்.
பெட்டியாய் இருந்தால்
இருபத்தெட்டு நாளில் குளச்சலில் இறங்கியிருப்பேன்,
ஒரு மூலை மட்டும் நசுங்கி.

அன்றிரவு கட்டத்தில் 61.7.
மூக்குச் சக்கரம்
மெல்ல, கூச்சத்தோடு, தரையைத் தொட்டது.

ஜுபைலில் இருந்தே கிளம்பினேன்.
உலகம் மொத்தமும் அதற்குள் இருக்கிறது.
கடல் இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது,
சுத்திகரிப்பு ஆலையின் சுடர்கூட
ஓர் ஆரஞ்சுப் புள்ளியாய்.
எங்கள் முகாம் மட்டும் வெறும் மணல்.
மூவாயிரம் பேர், எட்டு வரிசை, கழுவும் தொட்டிகள்,
கொடியில் காயும் அத்தனை நீலச் சட்டைகள்.
ஜெட்டின் நிழல் எதிலும் முட்டாமல்
அதன்மேல் வழுக்கிப் போயிற்று.

எரிபொருள் ஏழு நிமிடத்துக்கு.
அசலுக்கும் அவ்வளவுதான், கூட்ட மனம் வரவில்லை.
ஐந்தாவது நிமிடம்
ஜன்னல் நிஜமாகவே அதிர்ந்தது.
தஹ்ரான் பக்கமிருந்து இரண்டு, மிகத் தாழ்வாக,
கடலை நோக்கி.
யாரும் எதுவும் பேசவில்லை.
இருட்டில் கைபேசிகள் ஒவ்வொன்றாய் வெளிச்சமாயின,
ஊரில் செய்தி பார்த்துவிட்டவர்கள்
அதற்குள் கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள்.

திரும்பிப் பார்த்தபோது
நான்காம் வரிசை இருக்கவேண்டிய மணலில்
அது கிடந்தது.
எரியவில்லை, நொறுங்கவில்லை.
நொறுங்குவதை நான் இன்னும் வரையவில்லை.

மேலே கட்டில் கிரீச்சிட்டது.
"எறங்கிட்டியாடே?" என்றான் சேசடிமை.