பதினான்காம் குழியின் குறுக்கே

புல்வெட்டும் வண்டிக்குக் கம்பிக்கூண்டு போட்டுத் தந்தார்கள்.
அதற்குள் உட்கார்ந்து பதினோரு வருடம்.
கூண்டின் இடப்பக்கம் மூன்று நெளிவுகள்:
ஒன்று தவறுதலாக.
ஒன்று, நான் மெதுவாக வெட்டுகிறேன் என்ற கோபத்தில்.
மூன்றாவது ஏனென்று அடித்தவரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரை.
காற்று எந்நேரமும் கடலிலிருந்து,
பாக்கி வசூலிக்க வந்தவனைப் போல.
பதினான்காம் குழிக்குப் பந்து போகும் வழியைக்
குறுக்கே வெட்டிப் போகிறது ஓர் ஒற்றையடிப் பாதை.
கிளப்புக்கு வயது நூற்று முப்பது.
பாதையின் வயதைக் கேட்டால்,
கடல்நத்தை பொறுக்கப் போனவர்கள் எவரும்
தேதி குறித்து வைக்கவில்லை.

எஃபி ராங்கின் அதில்தான் போவாள்.
சிவப்பு வாளி. காது கேளாத நாய்.
கடல் உள்வாங்கும் நேரம்தான் அவள் கடிகாரம்.
அன்று அது ஒன்பது நாற்பது.
பல் டாக்டர் லோரிமர் பந்தைக் குச்சியில் வைத்ததும்
ஒன்பது நாற்பது.

பந்து திசை மாறினால் கத்த வேண்டும்: ‘ஃபோர்!’
ஒரே சொல்.
எங்கள் கிளப்பின் கையேட்டில் அது
‘மரியாதை’ என்ற தலைப்பின் கீழ் வருகிறது.
‘உயிர்’ என்றொரு தலைப்பு அதில் இல்லை.

லோரிமர் கத்தவில்லை.
மட்டை சரியாகப் பட்ட சத்தத்தை
அவர் இன்னும் ரசித்துக்கொண்டிருந்தார்.
நான் பார்த்தேன்.
வெள்ளைப் புள்ளி மேலே போய், காற்றில் ஒரு கணம் யோசித்து,
வலப்பக்கம் சாய்ந்தது.
கூண்டுக்குள்ளிருந்து கத்தினேன்.
எஞ்சின் என் குரலைத் தின்றுவிட்டது.

எஃபி குனிந்து நாயின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.
பக்கத்தில் வாளி.
வாளி விரிந்து பிளந்தது.

இருநூறு கெஜம் நடந்து வந்த லோரிமரின் முதல் வார்த்தை:
“என் பந்து.”
“என் வாளி.”
“பார்த்து வர வேண்டாமா?”
“கத்தித் தொலைக்க வேண்டாமா?”
“இது ஆடுகளம், அம்மா.”
“இது என் வழி, ஐயா.”

அங்கே நட்டிருந்த பலகையைக் காட்டத்தான்
அவர் மட்டையை உயர்த்தினார்.
சத்தியமாக, காட்டத்தான்.
ஆனால் நாய்க்குப் பேச்சு கேட்காது.
அதற்குத் தெரிந்ததெல்லாம்
ஓங்கிய இரும்பு, அதன் கீழே எஃபி.
கட்டம்போட்ட கால்சட்டையில் ஒரு கை அகலம்
அதன் வாயோடு வந்தது.

எஃபி பந்தைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.
“வாளிக்குக் காசு வந்ததும் வாங்கிக்கொள்ளுங்கள்.”
கிழிந்த வாளியில் நத்தை தங்காது;
அவளோ கரைக்குப் போகாமல் திரும்பவில்லை.

விபத்துப் பதிவேட்டை என்னிடம் நீட்டினார்கள்.
காயம்: இல்லை.
சேதம்: வாளி ஒன்று, கால்சட்டை ஒன்று.
வாளிக்கும் அவள் நெற்றிக்கும் நடுவே
இருந்தது ஒரு சாண்.
அதை எழுதக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன். செயலாளர் அடித்துவிட்டார்.

குழு மூன்று மாலைகள் கூடியது.
புதிய பலகையில் முதலில் வர வேண்டியது
‘நடப்பவர் கவனம்’ என்பதா, ‘ஆடுபவர் கவனம்’ என்பதா?
மூன்றாம் மாலையில் ஒன்று முடிவாயிற்று:
பலகை பச்சை நிறம்.

ஆட்டம் தொடங்கும் இடத்தின் குறிக்கல்லை
தினமும் நகர்த்துவது என் வேலை.
யாரையும் கேட்க வேண்டியதில்லை.
மறுநாள் ஐந்து மணிக்கு, பனி விலகும் முன்,
இருபது தப்படி இடப்பக்கம் தள்ளி வைத்தேன்.
இப்போது பந்துக்கும் பாதைக்கும் நடுவே
ஒரு மணல்மேடு நிற்கிறது.
“எதற்கு?” என்றார் செயலாளர்.
“அங்கே புல் தேய்ந்துவிட்டது.”
தேயவில்லை.

வியாழக்கிழமை எஃபி நீல வாளியோடு போனாள்.
பாதி வழியில் நின்று,
என் பக்கம் திரும்பி எதையோ கத்தினாள்.
எஞ்சின் அதையும் தின்றது.
நான் வண்டியை நிறுத்துவதற்குள்
நாயின் வால் மட்டும்
மேட்டுக்கு மேலே தெரிந்தது.