ஐந்தில் மூன்று

வால்பரைசோவில் ஐந்தரை மணிப் பேருந்து.
சாந்தியாகோ வருவதற்குள் இரண்டு சுரங்கப்பாதைகள்.
முதல் சுரங்கத்தில் "ஐயா" என்று தொடங்கிப் பார்த்தேன்.
வெளிச்சம் வந்ததும் அந்த ஐயாவை அடித்துவிட்டேன்.
இரண்டாவதில் "ஆறு வருடமாக" என்று தொடங்கினேன்.
அது அழுகை மாதிரி ஒலித்தது.
பக்கத்து இருக்கைக்காரர் தூக்கத்தில் தலையாட்டினார்.
ஒருவராவது ஒப்புக்கொண்டாரே.

என் வேலை இதுதான்:
கார்க் கண்ணாடி உடைந்தவர்கள் படம் அனுப்புவார்கள்.
விரிசலை அளந்து
தரலாம், தரக்கூடாது என்று எழுதுவேன்.
கார் எங்கோ நிற்கிறது.
உடைத்த கல் எங்கோ கிடக்கிறது.
நான் மட்டும்
ஒன்பதாம் மாடியில் குளிர்சாதனத்துக்கு நேர் கீழே
இருந்தே ஆகவேண்டும்.

திரு. ஒயார்சூனின் மேசையில் காகிதத்தை விரித்தேன்.
லாரிக்காரர்கள் நெடுஞ்சாலையை மறித்த பதினோரு நாளில்
வீட்டிலிருந்து முடித்தவை இருநூற்றுப் பதினான்கு.
அதற்கு முந்தைய பதினோரு நாளில், இங்கே உட்கார்ந்து,
நூற்று அறுபத்து மூன்று.
அவர் காகிதத்தைப் பார்க்கவில்லை.
"ஒரு நாள்," என்றார். "வெள்ளிக்கிழமை."
"நான்கு," என்றேன்.
மனதில் இருந்தது மூன்று.
மூன்று கேட்டால் இரண்டுதான் கிடைக்கும் என்பது
படகுத்துறையில் மீன் வாங்கும் எவளுக்கும் தெரியும்.

"குழு உணர்வு என்று ஒன்று இருக்கிறதே, யாஸ்னா."
இருக்கிறது.
ஃபுரோய்லான் காதில் மாட்டியதைக் கழற்றி நான் பார்த்ததில்லை.
இரண்டு மேசை தள்ளி இருக்கும் மரிசெல்
எனக்கு மின்னஞ்சல்தான் அனுப்புவாள்,
அதற்கும் மேலாளருக்கு ஒரு நகல் வைத்து.

"நம்பிக்கை இல்லாமல் கேட்கவில்லை," என்றார் அடுத்து.
"கேமரா மட்டும் நாள் முழுக்க ஓடட்டும்."
"உடைந்தது கண்ணாடி. என் முகம் எதற்கு?" என்றேன்.
இணைய வேகம் போதாது என்றும் சொன்னேன்.
சொல்லாதது:
மேசைக்குப் பின்னால் என் கட்டில்.
கட்டிலுக்குப் பின்னால் சுவர்.
வீடு அவ்வளவுதான்.

அவர் கொஞ்ச நேரம் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினார்.
பிறகு கேட்டார்:
"நீங்கள் வராத நாளில்
உங்கள் நாற்காலியில் யாரை உட்காரவைப்பது?"
சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து
என் பக்கம் திருப்பி வைத்தார்.
தலைமை அலுவலகம்.
மாதம் இருமுறை ஆள் வந்து நாற்காலிகளை எண்ணுவான்.
பாதிக்கு மேல் காலியென்றால்
இந்த மாடியை விட்டுவிடுவார்கள்.
மாடியோடு இந்த அறை.
அறையோடு,
கடிதத்தில் அதை எழுதவில்லை,
இருபத்தாறு வருடமாக இந்த அறையில் இருப்பவர்.

இவ்வளவு நேரமும் அவர் பேரம் பேசியது
என்னோடு அல்ல.

"மூன்று," என்றேன், குரலைத் தாழ்த்தி.
"கேமரா இல்லாமல்."
"மூன்று," என்றார்.
"ஆனால் அந்தச் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையை
நாற்காலியிலேயே விட்டுப் போங்கள்.
மேசையில் ஒரு கோப்பையும் இருக்கட்டும்.
கழுவ வேண்டாம்."

எழுத்தில் வாங்கிக்கொண்டேன்.
சட்டையைப் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது.

இது ஜூன். இங்கே கடுங்குளிர்.
செவ்வாய், புதன், வியாழன்
என் கம்பளிச் சட்டை வேலைக்குப் போகிறது.
நான் போர்வையைச் சுற்றிக்கொண்டு
கட்டிலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.
ஏழு மணிக்கு முதல் படம்:
பேருந்தின் முன்கண்ணாடி,
இரண்டு சுரங்கங்களுக்கும் நடுவே, குரகாவி அருகில்.
விரிசல் பதினெட்டு சென்டிமீட்டர்.
அதற்கு அப்பால் மங்கலாக இருக்கைகள்;
மூன்றாவது வரிசையில்
இன்னும் அவர் தூங்கிக்கொண்டிருக்கிறார்.
பக்கத்தில் யாரோ பையை வைத்திருக்கிறார்கள்.

தரலாம்
என்று எழுதினேன்.